“விடு” என்றால் வழி விடுவதா, விட்டுத்தள்ளுவதா? சேலத்து சிமுலேட்டர் கூடத்தின் இரட்டையர் லீக்

சாரதா கல்லூரிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவொன்றில், தட்டுவடை செட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த ரேஸ் சிமுலேட்டர் கூடம். ஆறு இருக்கைகள். அரை மணி நேரத்துக்கு 200 ரூபாய். ஏசி குளிர்கிறது, கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்குகிறது, சனி ஞாயிறில் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் இடம் கிடைக்காது. சும்மா ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இங்கே எழுதப்போவது ஞாயிறு மாலை லீக் பற்றி. மூன்று அணிகள். அணிக்கு இரண்டு டிரைவர், ஹெட்செட் மாட்டிய கேப்டன் ஒருவர். அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே மென்பொருளில், எல்லோருக்கும் ஒரே ஜிடி3 கார் (பந்தயத்துக்கென மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார் வகை), 40 நிமிடப் பந்தயம், டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் கட்டாயமாக ஒரு முறை நிறுத்தம், அதாவது பிட். ஐந்து ஞாயிறுக்கு ஐந்து தடங்கள்: மொன்சா, இமோலா, ஹங்கரோரிங், ஸ்பா, சுசுகா. ஒரு பந்தயத்துக்கு அணிக்கு 1,500 ரூபாய். புள்ளிகள் 10, 8, 6, 4, 2, 1. அணிக்கு ஒரு பரிசு, தனி ஓட்டுநருக்கு இன்னொரு பரிசு. டீம் ஆர்டருக்கு, அதாவது கூட்டாளிக்கு இடம் கொடு, கொடுக்காதே என்று கேப்டன் டிரைவருக்குக் கட்டளையிடுவதற்கு, அனுமதி உண்டு. அதற்கான விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். காசு கொடுத்துப் போவது அந்த ஒரு தாளுக்காகவே தகும். சாமான்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சாமான்களை முதலில் முடித்துவிடலாம். 1, 2 எண் இருக்கைகளில் மோட்டாரோடு நேராக இணைந்த டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங்கும் லோட்செல் பிரேக்கும் இருக்கின்றன. மற்ற நான்கிலும் பல்சக்கர ஸ்டீயரிங், சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் பெடல்கள். லோட்செல் பிரேக் காலின் அழுத்தத்தை அளக்கிறது. சாதாரணப் பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. அழுத்தத்தைக் கால் நினைவில் வைத்துக்கொள்ளும், தூரத்தை அவ்வளவாக வைத்துக்கொள்ளாது. ஜிடி3 கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருப்பதால் முதல் சில சுற்றுகளில் வித்தியாசம் தெரியாது. பதினைந்தாவது சுற்றில், கால் சலித்த பிறகு, சாதாரணப் பெடல்காரர் ஒவ்வொரு வளைவுக்கும் பத்தடி முன்னாலோ பின்னாலோ பிரேக் பிடிக்கிறார். 5ஆம் இருக்கையின் ஆக்ஸிலேட்டர் பெடலில் தூசி சேர்ந்திருக்கிறது. முழுக்க அழுத்தியும் திரையில் 90க்கும் 100க்கும் நடுவே அளவு துள்ளுகிறது. காண்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு பீச்சினால் சரியாகிற வேலை அது. இன்னும் செய்யவில்லை.

இருக்கைகளைச் சீட்டு எடுத்துப் பிரிக்கிறார்கள், அதுவும் அணிவாரியாக. ஓர் அணிக்கே இரண்டு நல்ல இருக்கையும் விழுந்துவிட்டால் அன்றைய பந்தயம் முடிந்த மாதிரிதான். வாரத்துக்கு இரண்டு அணிகளுக்கு ஆளுக்கொரு நல்ல இருக்கை, மூன்றாவது அணிக்கு அடுத்த வாரம் என்று சுழற்றினால் தீர்ந்துவிடும். ஐந்து வாரத்தில் பத்து நல்ல இருக்கைகள்; அது மூன்றால் வகுபடாது. லீக்கை ஆறு வாரமாக்கினால் அணிக்கு நான்கு என்று சரியாக வரும்.

திரைக் கோணத்தையும், அதாவது திரைக்குள் காட்சி எவ்வளவு விரிந்து தெரிகிறது என்ற அளவையும், மாற்றச் சொல்லுங்கள். 32 அங்குலத் திரை, கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம். இதற்குச் செங்குத்துக் கோணம் 32 டிகிரி அளவில் இருக்க வேண்டும். இங்கே எல்லா இருக்கைகளிலும் 50 வைத்திருக்கிறார்கள். கோணம் விரிந்தால் வேகம் அதிகம் போலத் தெரியும், புதியவர்களுக்குக் கிளுகிளுப்பு. ஆனால் முன்னால் போகும் கார் உள்ளதைவிடத் தள்ளி இருப்பதாகவும் தெரியும். இடம் மாற்றும்போது பின்னால் வருகிறவர் மோதுவதில் பாதி இதனால்தான்.

இனி அந்தத் தாள்.

முதல் விதி: ஆர்டர் திறந்த ஸ்பீக்கரில் வர வேண்டும், மூன்று அணிக்கும் கேட்க வேண்டும், குறிச்சொல் கூடாது. இரண்டாவது விதி இன்னும் சுவையானது: “விடு” என்று மட்டும் சொல்லக் கூடாது. தமிழில் பழகியவருக்கு இதன் நியாயம் உடனே புரியும். “அவனை விடு” என்றால் முன்னால் போக விடு என்றும் பொருள், துரத்தாமல் விட்டுத்தள்ளு என்றும் பொருள். இரண்டும் நேர் எதிர். “பார்த்து” என்பதும் அப்படித்தான். மோதாமல் பார்த்துப் போ என்கிறாரா, இடத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்கிறாரா? இங்கே “வழி விடு”, “துரத்தாதே”, “இடத்தைக் காப்பாற்று” என்று முழுதாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத ஆர்டர் செல்லாது.

ஒரே சொல்லில் ஆர்டர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த லீக்கின் இரண்டாம் வாரத் தடமே சாட்சி. 1982 ஏப்ரல் 25, இமோலாவில் ஃபார்முலா 1 பந்தயம். ஃபெராரிகள் இரண்டும் முன்னணியில், வில்னவ் முதலில், பிரோனி பின்னால். பிட்டிலிருந்து காட்டிய பலகையில் ‘ஸ்லோ’ என்று ஒரே சொல். இப்போதிருக்கும் வரிசையிலேயே முடியுங்கள் என்று வில்னவ் எடுத்துக்கொண்டார். காரைப் பார்த்து ஓட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்று பிரோனி எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் முந்தி ஜெயித்தார். அதற்குப் பிறகு வில்னவ் அவரோடு பேசவில்லை. 13 நாள் கழித்து ஸோல்டரில், தகுதிச் சுற்றில், விபத்தில் இறந்துபோனார்.

குறிச்சொல் தடைக்கும் வரலாறு உண்டு. 2002இல் ஆஸ்திரியாவில் கடைசி மீட்டர்கள் வரை முன்னால் இருந்த பாரிகெல்லோ, ஃபெராரியின் ஆர்டரின்படி கூட்டாளி ஷூமாக்கருக்கு வழி விட்டார். வித்தியாசம் 0.182 நொடி. கூட்டம் ஊளையிட்டது. மேடையில் இருவரும் இடம் மாறி நின்று முறையைக் குலைத்ததற்காக 10 லட்சம் டாலர் அபராதம். வழி விட்டதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் அப்போது அது குற்றமே அல்ல. 2003 முதல், பந்தய முடிவைப் பாதிக்கும் டீம் ஆர்டருக்குத் தடை வந்தது. தடை வந்ததும் ஆர்டர் நிற்கவில்லை, மொழியை மாற்றிக்கொண்டது. 2010 ஹாக்கன்ஹைமில் முன்னால் இருந்த மாஸாவிடம் ஃபெராரி சொன்னது வழி விடு என்றல்ல. பெர்னாண்டோ (கூட்டாளி அலோன்ஸோ) உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா என்பதுதான். மாஸாவுக்குப் புரிந்தது, ஊருக்கே புரிந்தது. ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அடுத்த ஆண்டு தடையை எடுத்துவிட்டார்கள். இந்தக் கூடத்துத் தாள் அந்த அனுபவத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது: ஆர்டர் இருக்கட்டும், காதில் கேட்கும்படி இருக்கட்டும்.

ஆனால் நம் ஊர் மரியாதை இதில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கேப்டன் கல்லூரிப் பையனாகவும் டிரைவர் வயதில் மூத்தவராகவும் இருந்தால், “அண்ணா, பின்னாடி தம்பி கொஞ்சம் வேகமா வரான், முடிஞ்சா ஒதுங்கிக்குறீங்களா?” என்று நீள்கிறது. சொல்லி முடிக்க நான்கு நொடி. 250 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடிக்கு கார் 278 மீட்டர் ஓடிவிடும். ஒதுங்க வேண்டிய நேர்ப்பாதை அதற்குள் கரைந்துவிடும். “அண்ணா, அடுத்த நேர்ப்பாதையில் வழி விடுங்க, வலப்பக்கம்” போதும். மரியாதையும் இருக்கிறது, இடமும் இருக்கிறது, பக்கமும் இருக்கிறது.

இடம் மாற்றும் முறையைத் தாளில் இரண்டே வரியில் முடித்திருக்கிறார்கள். அது போதாது. முன்னால் இருப்பவர் வளைவிலிருந்து வெளியே வந்து கார் நேரான பிறகு, எல்லோரும் வேகமாக ஓட்டும் பாதையான ஓட்டக்கோட்டிலிருந்து விலகி, ஆக்ஸிலேட்டரை மட்டும் தளர்த்த வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது. ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவர்தான் சுற்றிக்கொண்டு போவார். இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. அதனால்தான் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். சரியாகச் செய்தால் முன்னவருக்கு ஒரு நொடிக்குக் குறைவாகத்தான் இழப்பு. மூன்றாவது கார் இரண்டு நொடிக்குள் வந்துகொண்டிருந்தால் அந்தச் சுற்றில் மாற்றவே கூடாது. மொன்சாவில் பரபோலிகா வளைவு முடிந்து வரும் நேர்ப்பாதை நல்ல இடம். சுசுகாவில் ஸ்பூன் வளைவுக்குப் பின், 130ஆர் வளைவுக்கு முன். ஸ்பாவில் ராடியோன் மேட்டில் ஏறி முடித்த பிறகு கெம்மல் நேர்ப்பாதையில். ஓ ரூஜ் இறக்கத்தில் செய்யப் போய் மூன்று கார்களை ஒன்றாகச் சுவரில் சாத்துகிறார்கள். ஹங்கரோரிங்கில் முதன்மை நேர்ப்பாதையை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம்.

பிட்டில் மாற்றுவது இதைவிடச் சுத்தம். பின்னால் இருப்பவரை ஒரு சுற்று முன்னதாக உள்ளே கூப்பிட்டால் புது டயரில் தானாக முன்னேறிவிடுவார். ஆனால் அதற்குத்தான் பிறகு கணக்குத் தீர்க்க வேண்டிவரும். 2024 ஹங்கரோரிங்கில் மெக்லாரன் செய்தது அதுதான். முன்னணியில் இருந்தவர் பியாஸ்ட்ரி. கூட்டாளி நாரிஸை முதலில் பிட்டுக்கு அழைத்ததால் நாரிஸ் முன்னால் வந்துவிட்டார். திருப்பிக் கொடு என்று சுற்றுச் சுற்றாகக் கேட்டு, பந்தயம் முடியும் தறுவாயில்தான் கொடுத்தார்.

பெட்ரோல் கணக்கையும் கேப்டன்தான் பார்க்க வேண்டும். மொன்சாவில் சுற்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர். புதியவர்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓட்டினால் 40 நிமிடத்தில் 20 சுற்று. நேரம் முடிந்த பிறகு ஓடி முடிக்கும் சுற்றும் தொடக்கத்துக்கு முன் வரிசையாக ஓடும் அணிவகுப்புச் சுற்றும் சேர்த்து 22. 66 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள். சூடான டயரில் காற்று 26 முதல் 27 பிஎஸ்ஐக்குள் இருக்கிறதா என்று நான்காம் சுற்றில் கேட்டு, பிட்டில் திருத்துங்கள்.

தாளில் நன்றாக யோசித்து எழுதிய விதி ‘கடன் இடம்’. முன்னால் போகும் எதிரணிக் காரைப் பிடிப்பதற்காகக் கூட்டாளி இடம் கொடுத்தால், பிடிக்க முடியாதபோது கடைசிச் சுற்றுக்குள் அந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும். 2017 ஹங்கேரியில் ஹாமில்டன் செய்தது இதுதான். ஃபெராரிகளைத் துரத்த கூட்டாளி போட்டாஸ் வழி விட்டார். துரத்திப் பிடிக்க முடியவில்லை. கடைசி வளைவில் ஹாமில்டன் மூன்றாம் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டத்துக்குப் போராடிய ஆண்டில் 3 புள்ளியை விட்டுக்கொடுத்தார்.

இந்தக் கணக்கைக் கேப்டன்கள் பந்தயத்துக்கு முன்பே போட்டுவைத்துக்கொள்வது நல்லது. கூட்டாளிகள் இருவரும் 2, 3ஆம் இடத்தில் இருந்தால் அணிக்கு 8 கூட்டல் 6, மொத்தம் 14. இடம் மாற்றினாலும் அதே 14. அணிப் பரிசுக்கு அந்த ஆர்டரால் ஒரு புள்ளி லாபமும் கிடையாது. எதிரணிக் காரைப் பிடிக்கலாம் என்ற நிலை இருந்தாலோ, தனிப் பரிசுக் கணக்கு இருந்தாலோ மட்டுமே ஆர்டருக்குப் பொருள் உண்டு. தனிப் பரிசு என்றால், யாருடைய பையிலிருந்து யாருடைய பைக்குப் போகிறது என்பதை டிரைவருக்குச் சொல்லிவிட வேண்டும். 2002 ஆஸ்திரியா ஆர்டர் எவ்வளவு வீண் என்பது ஆண்டு முடிவில் தெரிந்தது: ஷூமாக்கர் 144, பாரிகெல்லோ 77. மறுபுறம் 2025 மொன்சாவைப் பாருங்கள். நாரிஸின் பிட் தாமதமானது. முன்னால் வந்துவிட்ட பியாஸ்ட்ரியை இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது மெக்லாரன். பிட்டில் தாமதமாவதும் பந்தயத்தில் சேர்த்திதானே என்று பியாஸ்ட்ரி ரேடியோவில் கேட்டார், கேட்டுவிட்டுக் கொடுத்தார். அதில் நாரிஸுக்குக் கூடுதலாக வந்தது 3 புள்ளி. ஆண்டு முடிவில் அவர் வெர்ஸ்டாப்பனை முந்திப் பட்டம் வென்றது 423க்கு 421 என்று, 2 புள்ளியில்.

மறுக்கும் உரிமையையும் தாள் கொடுக்கிறது. “மாட்டேன்” என்று ஸ்பீக்கரில் சொல்லிவிட்டால் கூடம் தண்டிக்காது. அணிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தால் மட்டும் 5 நொடி தண்டனை. இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. 2022 பிரேசிலில் கூட்டாளி பெரஸுக்கு ஆறாம் இடத்தைக் கொடுக்க வெர்ஸ்டாப்பன் மறுத்தார். காரணத்தை ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று ரேடியோவிலேயே சொன்னார். பிடிக்கிறதோ இல்லையோ, அது அவர் பெயரில் இருக்கிறது. 1956 மொன்சாவில் ஒரே அணியில், ஃபெராரியில், ஒரே நாளில் இரண்டையும் பார்த்தார்கள். ஃபாஞ்சியோவின் ஸ்டீயரிங் பழுதானது. தன் காரைத் தர முஸ்ஸோ மறுத்தார். தானே பட்டம் வெல்ல வாய்ப்பிருந்த காலின்ஸ் இறங்கித் தன் காரைக் கொடுத்தார். இங்கும் ஓர் இருக்கை நடுவழியில் படுத்துவிட்டால் கூட்டாளி இறங்கித் தன் இருக்கையைத் தரலாம் என்று விதி உண்டு; தர வேண்டும் என்று இல்லை.

தாளின் ஓட்டை ஆறாவது விதியில். மோதச் சொல்வது, வேண்டுமென்றே நிற்கச் சொல்வது, சுற்றில் பின்தங்கிய கார், வழி விடச் சொல்லும் நீலக்கொடியைப் பார்த்தும் கூட்டாளிக்காக எதிரணியை மறிப்பது ஆகிய மூன்றுக்கும் டிரைவருக்குக் கடைசி இடம். சொன்ன கேப்டனுக்கு? ஒன்றும் இல்லை, அடுத்த வாரமும் ஹெட்செட் மாட்டலாம். 2008 சிங்கப்பூரில் ரெனோ அணியின் பிகே ஜூனியர், கூட்டாளி அலோன்ஸோவுக்காக வேண்டுமென்றே சுவரில் மோதிய விவகாரம் 2009இல் வெளிவந்தபோது நடந்தது இதற்கு நேர்மாறு. சாட்சி சொன்ன பிகேவுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு. அணித் தலைவர் பிரியட்டோருக்குக் காலவரையற்ற தடை, பொறியியல் தலைவர் சைமண்ட்ஸுக்கு ஐந்தாண்டுத் தடை. அந்தத் தடைகளையும் 2010 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் செல்லாதென்றது. இரண்டு வழியிலும் ஒருவர் தப்பிக்கிறார். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கை பிகேவுடையது. அவர் மறுத்திருந்தால் சுவர் அப்படியே இருந்திருக்கும். திருப்பச் சொன்ன வாயும் சும்மா போகக் கூடாது. டிரைவருக்குக் கடைசி இடம், கேப்டனுக்கு இரண்டு வாரம் வெளியே என்று எழுதினால் சரியாக இருக்கும்.

மோதலில் யார் தப்பு என்பதைக் கூடக்காரரே ரீப்ளே பார்த்துச் சொல்கிறார். ஐரேஸிங் மாதிரி மென்பொருளில் பலமான மோதலுக்கு இருவர் பெயரிலும் 4 தப்புப் புள்ளி ஏறும், தப்பு யாருடையது என்று கணினி பார்க்காது. இங்கே மனிதர் பார்க்கிறார், அது நல்லதுதான். ஆனால் அவருடைய தம்பி ஓர் அணியில் ஓட்டுகிறார். தம்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததாகச் சொல்ல முடியாது. தம்பி என்பதாலேயே கூடுதலாக 10 நொடி போடுகிறார், அதுவும் தப்புத்தான். பந்தயத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார வேண்டும். எதிரணி டிரைவரும் சாட்சி சொல்லலாம் என்ற விதியை யாரும் பயன்படுத்துவதில்லை. 1958 போர்ச்சுகலில் ஹாத்தோர்னைத் தகுதிநீக்கம் செய்யப் போனபோது, அவரோடு பட்டத்துக்குப் போட்டியிட்ட ஸ்டர்லிங் மாஸ் போய் அவருக்காகப் பேசினார். ஹாத்தோர்னின் இரண்டாம் இடம் நிலைத்தது. ஆண்டு முடிவில் பட்டம் ஹாத்தோர்னுக்கு, 42க்கு 41.

கண்டிக்க வேண்டியது சுவரில் தாளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைப் பலகையில் லீக் புள்ளிகளுக்குக் கீழே ‘ஏற்காடு டைம்’ என்று ஒரு பத்தி. அடிவாரத்திலிருந்து மேலே போக யாருக்கு எத்தனை நிமிடம் என்று பைக் பெயரோடு எழுதுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுவதும், வளைவில் ஹாரன் அடிப்பதும், இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜினைப் பிடித்துக்கொண்டு வருவதும்தான் அங்கே விதி. சிமுலேட்டரில் பிரேக் காய்ந்த வாடை வராது, எதிரே அரசுப் பஸ் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு வராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189, அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டுகிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே பிடிக்கிறது. முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடக்காரர் அந்தப் பத்தியை இன்றே அழித்துவிடலாம். நிஜக் காரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே தடம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது.

முன்பதிவு செய்யும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: 5ஆம் இருக்கை வேண்டாம், திரைக் கோணத்தை 32க்குக் குறைக்க வேண்டும், லோட்செல் இருக்கை கிடைத்தால் பிரேக் உச்ச அழுத்தத்தை 60 கிலோவிலிருந்து 40க்கு இறக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்வார்கள், சாக்ஸ் போட்டுப் போங்கள். கீழே தட்டுவடை செட்டைப் பந்தயம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள். சட்னிக் கையோடு ஸ்டீயரிங்கைத் தொட்டால் 100 ரூபாய் அபராதம், அதைக் கூடக்காரர் ரீப்ளே பார்க்காமலேயே போடுகிறார்.